கேட்பதற்கும் ஒரு பந்தல் வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் பத்திரிகைகள் பறக்கத் தொடங்கும். கல்யாணமோ காதுகுத்தோ இருக்காது. அழைப்பு மொய் விருந்துக்கு. பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். பந்தல் செலவும் சமையல் செலவும் ஆளுக்கொரு பங்காகப் பிரிந்துவிடும். பந்தலின் ஓரத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் விருந்து வைப்பவரின் பெயர், நோட்டும் பேனாவுமாக எழுத ஒருவர், பணத்தை எண்ணி வைக்க ஒருவர். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு விருந்தினர் மேசைக்கு வருவார். ஊர், பெயர், தொகை சொல்வார். தான் முன்பு வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்கிறவர், அதற்கு மேல் கொஞ்சம் புது மொய்யும் சேர்த்துப் போடுவார். இரண்டும் நோட்டில் ஏறும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒருமுறை விருந்து வைத்தவருக்கு அடுத்த முறை வரச் சில ஆண்டுகள் ஆகும்; அதுவரை அவர் மற்றவர்களின் பந்தலுக்குப் போய்த் தான் வாங்கியதைத் திருப்பிக்கொண்டிருப்பார். இந்தப் பணத்தில் கடை வைத்தவர்களும், ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்களும் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதை வட்டியில்லாக் கடன் சுழற்சி என்று விளக்கிவிடுவார்கள். அதைவிட முக்கியமான ஒன்று இதில் இருக்கிறது. பணமுடை உள்ள ஒரு மனிதர் அதை ஊரறியப் பத்திரிகை அடித்துச் சொல்கிறார். அவர் மதிப்பு இம்மியும் குறைவதில்லை. அதே மனிதர், நள்ளிரவில் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுக்குத் தெரிந்தவரிடம் போக நேர்ந்தால், வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடக்கூடும். தொகை சிறியது, தேவை பெரியது, கேட்கப்படுபவரோ நெருங்கியவர். ஆனாலும் வாய் வரவில்லை. உதவி கேட்கத் தயங்குவதைக் கூச்சம், வறட்டுக் கௌரவம், துணிச்சலின்மை என்று தனிமனிதக் குணக்கேடாகவே பேசிப் பழகியிருக்கிறோம். பந்தலில் கேட்டவரும் வாசலில் திரும்பியவரும் ஒரே ஆள் என்றால் அந்த விளக்கம் நிற்காது. அவர் குணம் மாறவில்லை. கேட்பதற்கு அங்கே ஒரு முறை இருந்தது, இங்கே இல்லை. எவ்வளவு, யாரிடம், எப்போது, எப்படித் திரும்பும் என்ற நான்கும் தெளிவாக இருக்கும் இடத்தில் கூச்சக்காரரும் கேட்டுவிடுகிறார். அந்தத் தெளிவு இல்லாத இடத்தில் ஊரையே விற்கும் வாய்ச்சாலக்காரரும் மென்று விழுங்குகிறார். ஆகவே உதவி கேட்கக் கற்றுக்கொள்வது என்பது, தைரியத்தை வரவழைத்துக்கொள்வதைக் காட்டிலும், கேட்பதற்கான முறைகளை உண்டாக்கிக்கொள்வதுதான்.

சொல்லாமலே தெரியுமா?

நம் மரபு போற்றும் உதவி, கேட்காமல் வரும் உதவி. உடை நழுவும்போது கை தானாகவே விரைகிறதே, நட்பு அப்படி இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்ன உவமை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இதன் மறுபக்கத்தை நாம் யோசிப்பதில்லை. கேட்காமல் வருவதே உயர்ந்த உதவி என்றால், கேட்டு வருவது ஒரு படி தாழ்ந்தது என்றாகிவிடுகிறது. “நான் சொல்லித்தான் தெரியணுமா?” என்ற மனத்தாங்கல் கணவன் மனைவிக்குள்ளும், அண்ணன் தம்பிக்குள்ளும், நாற்பதாண்டு நண்பர்களுக்குள்ளும் புகைந்துகொண்டே இருப்பது இதனால்தான். உவமையில் வரும் கையும் உடையும் ஒரே உடம்பில் இருப்பவை. நழுவுவது கைக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு மனிதர்களுக்கு நடுவே அப்படி நரம்பு ஓடவில்லை. நட்பின் வேகத்துக்குச் சொன்ன உவமையை நட்பின் ஞானதிருஷ்டிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது நம் பிழை.

உள்ளே படும் பாடு வெளியே தெரிந்துவிடும் என்று நினைப்பது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலருக்கு ஐந்து பானங்களைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதில் ஒன்று மட்டும் குமட்டும் சுவை. முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஒன்று எது என்று பார்ப்பவர்களில் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று குடித்தவர்களைக் கேட்டபோது, உண்மையில் கண்டுபிடித்தவர்களைவிட அதிகமானவர்களைச் சொன்னார்கள். தன் முகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். எதிரில் இருந்தவர்களுக்கோ அவ்வளவாக எதுவும் தெரியவில்லை. கடனில் மூழ்கிக்கொண்டிருப்பவரும், தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் அலுவலகம் வந்துபோகிறவரும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். ‘என் நிலைமை எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் ஒருவரும் கேட்கவில்லை’ என்று மனம் வெறுத்துப் போகிறார்கள். பல வேளைகளில் உண்மை அவ்வளவு கொடுமையானது இல்லை. யாருக்கும் தெரியவே தெரியாது.

தெரிந்தாலும் எல்லாரும் ஓடிவருவதில்லை. அதற்குக் கல்நெஞ்சம் மட்டும் காரணம் இல்லை என்பதை 1968-இல் நியூயார்க்கில் ஜான் டார்லி, பிப் லத்தானே இருவரும் நடத்திய சோதனை காட்டியது. தனித்தனி அறைகளில் உட்கார்ந்து இன்டர்காம் வழியே பேசிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு, இன்னொருவர் வலிப்பு வந்து திணறும் குரல் கேட்டது. அது பதிவுசெய்த நடிப்பு. மாணவர்களுக்கு அது தெரியாது. கேட்பது தான் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவ எழுந்தார்கள். வேறு நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பு நல்லவர்களையும் நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடுகிறது. நமக்கு இதில் பாடம் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘ரொம்பக் கஷ்டமா இருக்கு’ என்று பொதுவாகப் போட்டால், கும்பிடும் கைகள் வரிசையாக வரும், ஆள் வரமாட்டார். பெயர் சொல்லி ஒருவரைக் கேட்கும்போது, அது அவர் பொறுப்பாகிறது.

துக்க வீட்டிலும் மருத்துவமனை வராந்தாவிலும் நாள்தோறும் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க, தயங்காதீங்க.” “கண்டிப்பா சொல்றேன்.” இருவர் சொல்வதும் உண்மைதான், எதுவும் நடக்காது. முதலாமவருக்கு எதைச் செய்வது என்று தெரியாது. இரண்டாமவருக்கோ எவ்வளவு கேட்டால் அதிகம் என்று தெரியாது. அதே இடத்தில், “வியாழக்கிழமை ராத்திரி மட்டும் அப்பாகூடத் துணைக்குப் படுத்துக்க முடியுமா? காலைல ஆறு மணிக்கு நான் வந்துடுவேன்” என்று கேட்டுப் பார்க்கலாம். கிழமை உண்டு, வேலை உண்டு, விடுதலை கிடைக்கும் நேரமும் உண்டு. முடிந்தால் சரி என்பார். முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பார். மொய் மேசையில் இருந்த தெளிவை ஒரு ராத்திரித் துணைக்கு மாற்றியதுதான் இது.

மறுத்துவிட்டால்?

தயக்கத்தின் அடியில் கிடக்கும் பயம் மறுப்பைப் பற்றியது. அந்தப் பயத்தின் அளவு சரிதானா என்று பிராங்க் ஃபிளின், வனேசா லேக் இருவரும் ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி மாணவர்கள் கேட்க வேண்டும். ஐந்து பேர் சம்மதிக்கும்வரை கேட்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்குச் சராசரியாக 20 பேர் என்றார்கள். உண்மையில் சுமார் 10 பேரைக் கேட்டபோதே வேலை முடிந்தது. ஆய்வாளர்கள் கண்ட காரணம் எளியது. கேட்பவர், ஒப்புக்கொண்டால் எதிராளிக்கு எவ்வளவு சிரமம் என்பதை மட்டுமே எண்ணுகிறார். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பது அவர் கணக்கில் வருவதில்லை. கேள்வித்தாள் நிரப்புவதும் மகள் படிப்புக்கு ஒரு லட்சம் கேட்பதும் ஒன்றா என்று கேட்பது நியாயம். ஒன்றல்ல. கேட்கும் பொருள் பெரிதாகப் பெரிதாக மறுப்பும் கூடத்தான் செய்யும். ஆனால் நம் மனம் போடும் மதிப்பீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்தச் சிறிய சோதனை காட்டிவிடுகிறது. வரப்போகும் மறுப்பை நாம் கூட்டித்தான் எண்ணுகிறோம்.

திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு, அடுத்தது இரவச்சம். முதல் அதிகாரம், கேட்கத் தக்கவரைக் கண்டால் கேள், அவர் இருப்பதை ஒளித்தால் பழி அவருக்கே, உனக்கில்லை என்று தொடங்குகிறது. இரண்டாவது, பசுவுக்குத் தண்ணீர் என்று கேட்பதுகூட நாவுக்கு இழிவு என்னும் எல்லைவரை போகிறது. அடுத்தடுத்து நின்று முரண்படுவதுபோல் தோன்றும் இவை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கையும் காலும் திடமாக இருக்க, உழைப்புக்கு மாற்றாகக் கேட்பதை வாழ்க்கை முறையாக்கிக்கொள்வதை இரண்டாவது கண்டிக்கிறது. நெருக்கடியில் ஆள் பார்த்துக் கேட்பதை முதலாவது அனுமதிக்கிறது. நாமோ இரண்டாவதைப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டிவிட்டு முதலாவதை விட்டுவிட்டோம். மறுத்தவருக்குரிய வெட்கத்தையும் சேர்த்துக் கேட்டவரே சுமக்கிறார்.

எதிர்வாதங்கள்

உதவி வாங்கினால் அடிமைப்பட வேண்டிவரும் என்பது முதல் எதிர்வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செஞ்சோற்றுக் கடனுக்காக நியாயமற்ற பக்கத்தில் நின்று மடிந்த கர்ணன் கதையைத் தெருக்கூத்திலும் திரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘அன்னிக்கு நான் இல்லேன்னா நீ எங்கே இருந்திருப்பே?’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தே பட்டினி கிடப்பவர்கள் உண்டு. ஆனால் கர்ணனைக் கட்டிப்போட்டது வாங்கியது மட்டுமில்லை. வாங்கியதற்கு அளவு இல்லாமல் போனதும்தான். எவ்வளவு கொடுத்தால் தீரும் என்று யாரும் எழுதி வைக்காத கடன் அது. மொய் நோட்டில் இருக்கும் கடனுக்குத் தொகை உண்டு. திருப்பிச் செய்த அன்று இருவரும் சமம். கடனாளி என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சித்தான் நாம் எழுத்தில் வைக்கத் தயங்குகிறோம். உண்மையில் எழுத்தில் ஏறாத நன்றிக்கடன்தான் ஆயுளுக்கும் தொடர்கிறது. ஆகவே சுயமரியாதையைப் பெரிதாக நினைப்பவர் செய்ய வேண்டியது கேட்காமல் இருப்பது இல்லை. எல்லை வகுத்துக் கேட்பது.

இரண்டாவது எதிர்வாதம் மொய்யைப் பற்றியது. கேட்பதற்கான அந்த முறையே சுமையாகிவிடுவதில்லையா? ஆகிறது. மொய் செய்ய நகையை அடகு வைப்பவர்கள் உண்டு. ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து பத்திரிகைகள் வந்தால் கூலிக் குடும்பம் திணறிப்போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, திருப்பிச் செய்ய வேண்டியவர்கள், திரும்பி வரும் என்று காத்திருந்தவர்கள் இருவருமே ஒரே நாளில் ஒன்றுமில்லாதவர்களானார்கள். ஊரே ஒரே அடியில் விழும்போது ஊருக்குள் சுழலும் உதவி போதாது என்பதை அந்தப் புயல் காட்டியது. அங்கே அரசு வர வேண்டும், காப்பீடு வர வேண்டும், வெளியூர் வர வேண்டும். மொய் எல்லாவற்றுக்கும் மருந்து என்பது இங்கே வாதம் இல்லை. கேட்பதை வெட்கத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் சான்று, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் கனமானது. கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா? 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, கந்துவட்டியில் சிக்கிய ஒரு குடும்பம் தன்னை மாய்த்துக்கொண்டது. முன்பே பலமுறை மனுக் கொடுத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. வாரந்தோறும் மனு வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது. கேட்டார்கள், காது கேட்கவில்லை. புகுந்த வீட்டில் அடிபடும் பெண் பிறந்த வீட்டுக்குப் போன் செய்தால், “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்ற பதில் வருகிறது. சாதியில் கீழே வைக்கப்பட்டவர் கேட்கும்போது கேள்விக்கு முன்பே அவர் தெருவின் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இவர்களிடம் போய் ‘கேளுங்கள், கிடைக்கும்’ என்று உபதேசம் செய்வது குரூரம். கேட்கத் தெரியவில்லை என்று நாம் சொல்லும் பலருக்கு, கேட்டுப் பார்த்த அனுபவம் நிறையவே இருக்கிறது. அந்த அனுபவம்தான் அவர்கள் வாயை அடைத்தது. எனவே வாதத்தின் பாதி கேட்பவரை நோக்கியது என்றால், மறுபாதி கேட்கப்படுபவரை நோக்கியது. பதில் இல்லாத இடத்தில் கேள்வி நெடுநாள் உயிர்வாழாது.

பணத்துக்குப் பெயர், வலிக்கு மறைவு

நல்ல முறைகள் எப்படி அமையும் என்பதற்கு நம்மிடமே வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. கூட்டம் கூடும் நாளில் சேமிப்பைக் கட்டுவதும், யாருக்குக் கடன் தேவை என்று கேட்பதும் அன்றைய வேலையின் பகுதி. ‘எனக்கு வேண்டும்’ என்று ஒரு பெண் சொன்னால் அது தீர்மான நோட்டில் ஏறுகிறது. இந்த மாதம் அவள் முறை, அடுத்த மாதம் இன்னொருத்தியின் முறை. கேட்பதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிவிட்டால், ‘எப்படி ஆரம்பிப்பது’ என்ற பாதித் தவிப்பு இல்லாமல் போகிறது.

மனவலிக்கு இந்த முறை பொருந்தாது. பணமுடையைப் பந்தல் போட்டுச் சொல்லலாம். உயிர்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்பதை அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பெயரும் ஊரும் எழுதப்படாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு அப்படிப்பட்ட மறைவை உண்டாக்கியது: அழைப்பவர் தன்னை அடையாளம் காட்ட வேண்டியதில்லை, எதிர்முனையில் இருப்பவர் தீர்ப்பும் சொல்லமாட்டார். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் இயங்குகிறது. மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொன்னதும் இந்த வழியில் ஒரு முக்கியமான படி. வாய் திறந்தால் வழக்கு வரும் என்ற பயம் இருக்கும்வரை எந்த எண்ணும் பயன்படாது.

ஆனாலும் இடைவெளி பெரியது. மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வெவ்வேறு மனநலக் குறைபாடுகளில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டது. மருத்துவர் பற்றாக்குறையும் தூரமும் செலவும் இதில் அடக்கம், வெட்கமும் அடக்கம். 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் எப்போதும் இருப்பதில்லை. இருந்தாலும், ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, தாங்க முடியவில்லை என்று சொல்லும் முறை எதையும் நாம் கொடுக்கவில்லை என்பதை இந்த எண்ணோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியாது. பெண்களுக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது. ஆண்கள் கூடும் டீக்கடையில் அரசியல் உண்டு, கிரிக்கெட் உண்டு; ‘ராத்திரி தூக்கம் வரல’ என்று சொல்ல இடமில்லை. சொன்னால் கேலி வரும், இல்லையென்றால் குவார்ட்டர் வரும்.

ஆகவே செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கேட்பவர் முற்றவிடாமல் கேட்க வேண்டும். மூன்றாவது தவணை தவறியபோது பத்தாயிரம் கேட்பது, வீடு ஏலத்துக்கு வந்தபின் பத்து லட்சம் கேட்பதைவிட எளிது, கொடுப்பவருக்கும் எளிது. ஒருவரைப் பெயர் சொல்லி, ஒரு வேலையை அளவு சொல்லிக் கேட்க வேண்டும். கொடுப்பவர், “ஏதாவது வேணும்னா சொல்லு” என்பதை விட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை நான் பாத்துக்கிறேன்” என்று தானே கிழமையும் வேலையும் சொல்லலாம். முடியாதபோது இழுத்தடிக்காமல் முடியாது என்று சொல்வதும் ஓர் உதவிதான்; கேட்டவர் அடுத்தவரிடம் போக நேரம் மிச்சம். பள்ளியும் அலுவலகமும் சங்கமும், யாரும் கேட்காவிட்டாலும் ‘யாருக்கு என்ன தேவை’ என்று விசாரிக்க மாதத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம். அரசு வாங்கும் மனுவுக்கு என்ன நாளில் என்ன பதில் என்பது மனுதாரருக்குத் தெரிய வேண்டும்.

யாரிடமும் வாய் திறக்காமலே ஒருவர் போய்விட்டால், ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று ஊர் ஆதங்கப்படுகிறது. அந்த வார்த்தையை அவர் எங்கே, எந்த நேரத்தில், யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தால்தான் அந்த ஆதங்கத்துக்கு அர்த்தம் உண்டு. பதில் இல்லையென்றால், கேட்கக் கற்றுக்கொள்ளாதவர் என்று அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.